மலைக்கு அப்பால் பிறந்த நீதியரசி



இலஞ்சியில் நின்று மேற்கே நோக்கினால் குற்றால மலை தெரியும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் புனலூர். அதற்கும் அப்பால் பத்தனம்திட்டை. 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டையும் மலையாள நாட்டு ஆட்சியின் கீழேயே இருந்தது. ஆகவே அப்புறத்துச் செய்தி நம் முன்னோருக்கு அயலார் செய்தி அன்று.

அந்தப் பத்தனம்திட்டையில் 1927 ஏப்ரல் 30 அன்று, மீரா சாகிப், கதீஜா பீவி தம்பதியரின் மகளாகப் பிறந்தவர்தாம் நீதியரசர் பாத்திமா பீவி. தமிழகத்தோடு வேர்த் தொடர்புடைய ராவுத்தர் குடும்பம் அவருடையது.

எங்கள் மதரஸாவில் ஓத வரும் சிறுமி ஒருத்தி ஒருநாள், "ஹஸ்ரத், நம்ம பொம்பளப் பிள்ளைங்க நீதிபதி ஆகலாமா?" என்று கேட்டாள். "ஆகியிருக்கிறார்கள், அம்மா" என்று தொடங்கியவன், பாடம் முடியும் வரை இக்கதையையே சொல்லிக் கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்தில் அறிவியல் பட்டம் பெற்ற மகள், வேதியியலையே மேலும் பயில விரும்பினார். தந்தையின் எண்ணம் வேறாக இருந்தது. 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆன அன்னா சாண்டி அம்மையாரின் உயர்வை அவர் கண்டிருந்தார். "நீ சட்டம் படி" என்றார். சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். நம் வீடுகளில் பத்தாம் வகுப்போடு பெண்ணின் புத்தகப் பையை இறக்கி வைத்த காலம் அது. அந்நாளில் ஒரு முஸ்லிம் தகப்பனார் தம் மூத்த மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். மகளும் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. 1950-இல் வழக்கறிஞர் மன்றத் தேர்வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்று, அவ்வாண்டு நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். தலையில் முக்காடிட்ட பெண் வழக்கறிஞரைக் கொல்லம் நீதிமன்றம் வியப்போடு பார்த்தது.

1958-இல் முன்சீப், பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து 1974-இல் மாவட்ட நீதிபதி, 1983-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று அவரை உச்ச நீதிமன்றம் அழைத்துக் கொண்டது. 1950-இல் தொடங்கிய அம்மன்றத்தில் அதுவரை ஒரு பெண் நீதிபதிகூட அமர்ந்ததில்லை.

பெண் தீர்ப்பளிக்கலாமா என்று தயங்குவோர் நம்மில் உண்டு. ஃபிக்ஹு இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு பழமையானது. பெரும்பாலோர் கூடாது என்றனர். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களோ, ஹுதூத், கிஸாஸ் நீங்கலான வழக்குகளில் கூடும் என்றார்கள். ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபினர் என்பதை இங்கே நினைவூட்டுவது தவறாகாது.

1997 ஜனவரி 25 அன்று அவர் தமிழகத்தின் ஆளுநரானார். இப்பகுதியை எழுதாமல் விட்டால் புகழுரையாகிவிடும்; வரலாறாகாது. 2001 மே மாதம், வழக்கொன்றில் தண்டனை பெற்றுத் தேர்தலில் நிற்க இயலாதிருந்த செல்வி ஜெயலலிதாவுக்கு அவர் முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பெரும்பான்மைச் சட்டமன்ற உறுப்பினர்களின் தேர்வு அது என்பது அவர் தரப்பு நியாயம். ஜூன் 30-இல் கலைஞர் கைதானதைத் தொடர்ந்து, ஆளுநரைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அமைச்சரவை பரிந்துரைக்க, அவர் பதவி விலகினார். செப்டம்பர் 21 அன்று, தாம் அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றம் அந்நியமனம் செல்லாது என்றது. அவர் சறுக்கிய இடம் அதுவே என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையோர் இருக்கலாம்.

அதே 2001-இல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில், நீதித்துறையிலிருந்து வந்த மாமே மாதியோர் போயே முதற் பெண் பிரதமரானார். மறு ஆண்டு ஜூலா என்னும் கப்பல் கவிழ்ந்து 1,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில வாரங்களில் அவர் பதவி போயிற்று. தீர்ப்பெழுதிப் பழகிய கைகளுக்கு அரசியல் நாற்காலி எளிதன்று போலும்!

பாத்திமா பீவி மணம் புரியாமலே வாழ்ந்தார். 2023 நவம்பர் 23 அன்று, 96-ஆம் வயதில், கொல்லத்தில் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2024-இல் பத்மபூஷண் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

கேள்வி கேட்ட அச்சிறுமி இப்போது பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறதாம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாமா என்றும் அவள் வாப்பா என்னிடம் விசாரித்தார். "வரன் காத்திருக்கும், விண்ணப்பத் தேதி காத்திராது" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.