பருத்தி எலியும் கும்பகோணத்து யானைக்காலும்

திருவிடைமருதூர், கும்பகோணம் வட்டாரத்தில் முன்பெல்லாம் யானைக்கால் கண்ணில் படாத தெரு குறைவு. தண்ணீரால் வருகிறது என்பார்கள். உண்மையில் அது ஊச்செரேரியா என்ற நூல்புழுவின் வேலை. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. தாய்ப்புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். குஞ்சுகள் இராத்திரியில்தான் இரத்தத்தில் உலவும் என்பதால், சுகாதார ஊழியர்கள் ஊர் உறங்கப்போகும் நேரத்தில் வந்து விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள்.

இந்தப் புழு பிடிவாதக்காரப் புழு. மனித உடலே வேண்டும்; ஆய்வுக்கூட எலியிலும் முயலிலும் தங்காது. பிறகு மருந்தை எதில் சோதிப்பது? 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தார் ஒரு பங்காளிப் புழுவைப் பிடித்தார்கள். பருத்தி எலியின் நெஞ்சறைக்குள் இயற்கையாகவே வாழும் லிட்டோமோசாய்டஸ் அது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த எலிகளில் சோதித்துத் தேறிய டி.இ.சி. (டைஎதில்கார்பமசின்) மருந்து 1947இல் வெளிவந்தது. பின்னாளில் டெல்டா மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்து விழுங்கவைத்த மாத்திரை அதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. குஞ்சுப் புழுக்களைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு டி.இ.சி.யை ஊற்றினால் அவை பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். எலியின் உடலில் செலுத்தினாலோ சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து காணாமல் போகும். எங்கே போயின? 1950இல் ஹாக்கிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் தேடிப் பார்த்தபோது, கல்லீரலில் சிக்கி, உடலின் காவல் செல்களுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. மருந்து காட்டிக்கொடுக்கிறது, உடல் கொல்கிறது. குடுவையை மட்டும் நம்பியிருந்தால் இந்த மருந்து அன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

பிறகு வந்தது மங்கோலிய ஜெர்பில். பாலைவனத்துச் சிறு கொறிணி. இதற்குள் வளர்வது புரூஜியா மலாயி. கேரளத்துச் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் தந்த புழு. வயிற்றறையில் இளம்புழுவைச் செலுத்தினால் சுமார் மூன்று மாதத்தில் குஞ்சு பொரிக்கும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பி. கலிராஜ் குழுவினர் தடுப்பூசிக்கான புரதங்களைச் சோதித்ததும் இத்தகைய கொறிணிகளில்தான். இந்தியாவில் இத்தகைய விலங்குச் சோதனைக்கெல்லாம் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதற்கு அடிப்படை.

ஆனால் ஜெர்பிலுக்கு நம்மைப் போலக் கால் பருத்துத் தடிப்பதில்லை. புழுவைக் கொல்வது எப்படி என்று கேட்டால் அது பதில் சொல்லும். பல வருடமாக வீங்கிய காலை என்ன செய்வது என்று கேட்டால் சொல்லாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டால் காய்ச்சலும் வீக்கமும் மட்டுப்படும் என்பது நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்ததில் தெரியவந்தது.