மிக்-15: விறகடுப்பில் ஓடும் ஜெட்

கேஸ் அடுப்பில் மட்டுமே சமைத்துப் பழகியவரை விறகடுப்பின் முன்னால் உட்கார வைத்தால் முதல் நாள் சமையல் தேறாது. குமிழைத் திருகியதும் தீ ஏறும், திருப்பினால் இறங்கும் என்று கை பழகியிருக்கும். விறகு அப்படிக் கேட்காது. பற்றவும் நேரம் எடுக்கும், அடங்கவும் நேரம் எடுக்கும். அவசரப்பட்டுக் கட்டைகளைத் திணித்தால் புகைந்து அணைந்துவிடும்.

டிசிஎஸ் வேர்ல்ட் போன்ற விமானப் போர் விளையாட்டுகளில் எஃப்-16, சுகோய்-27 என்று புதிய ஜெட்களை ஓட்டிவிட்டு, சோவியத் ஒன்றியத்தின் மிக்-15பிஸ் விமானத்தில் ஏறுகிறவர்களுக்கும் இதே கதிதான். எதிரி பின்னால் வந்ததும், என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியான த்ராட்டிலை முழுக்கத் தள்ளுகிறார்கள். வேகம் உடனே வருவதில்லை. விமானத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. 1940களின் ஜெட் என்ஜின் ஒரு விறகடுப்பு. அப்படி நினைத்துக்கொண்டால் இந்த விமானத்தின் பிடிவாதங்கள் பெரும்பாலும் புரிந்துவிடும்.

அடுப்பு வந்த வழி

சோவியத்தின் முதல் ஜெட் போர் விமானங்களான யாக்-15, மிக்-9 இரண்டும் 1946 ஏப்ரல் 24 அன்று, ஒரே நாளில் பறந்தன. இரண்டிலும் இருந்தவை ஜெர்மானிய என்ஜின்கள். மிக்-9இன் பீரங்கி காற்று நுழையும் வாய்க்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. உயரத்தில் சுட்டால் வெடிமருந்துப் புகை உள்ளே போய் என்ஜின் அணைந்தது. காற்றுக்குப் பதில் புகை போனால் எந்த அடுப்பும் எரியாது.

நல்ல அடுப்பு பிரிட்டனிலிருந்து வந்தது. பிரதமர் ஆட்லியின் அரசு விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் என்ஜினைப் பிரித்துப் பார்த்து ஆர்டி-45 என்ற பெயரில் சோவியத் பொறியாளர்கள் நகல் செய்தார்கள். அதை மேம்படுத்தியபோது விகே-1 பிறந்தது. உந்துவிசை 2,700 கிலோ. மிகோயன், குரேவிச் இருவரின் வடிவமைப்பகம் உருவாக்கிய மிக்-15 முதன்முதலில் 1947 டிசம்பர் 30 அன்று பறந்தது. விகே-1 பொருத்திய பிஸ் வகையைத்தான் டிசிஎஸ்ஸில் பெல்சிம்டெக் நிறுவனம் காக்பிட்டின் சுவிட்சுகள் உட்பட உருவாக்கித் தந்திருக்கிறது.

தீ ஏறும் விதம்

மூக்கிலிருக்கும் வட்ட வாய் வழியாகக் காற்று நுழைகிறது. காக்பிட்டின் இரு பக்கமும் பிரிந்து பின்னால் போய் கம்ப்ரசரை அடைகிறது. அதுதான் ஊதாங்குழல். அங்கே அழுத்தப்பட்ட காற்று ஒன்பது எரிகலன்களுக்குள் போகிறது. எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிகிறது. சூடான வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டு வாலின் வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. டர்பைனும் கம்ப்ரசரும் ஒரே தண்டில் இருப்பதால் டர்பைன் சுழன்றால்தான் கம்ப்ரசர் சுழலும். தீயே தனக்கு ஊதிக்கொள்ளும் அடுப்பு இது.

தாமதத்துக்குக் காரணமும் அதுவே. அதிகம் எரிக்க அதிகக் காற்று வேண்டும். காற்று கூடுவதற்குக் கம்ப்ரசர் வேகமாகச் சுழல வேண்டும். அதற்கு இன்னும் அதிகமாக எரிய வேண்டும். இந்தச் சக்கரம் மெல்ல மெல்லத்தான் முடுக்கம் பெறும். விகே-1இன் முழுச் சுழற்சி நிமிடத்துக்கு 11,560. அடிமட்டச் சுழற்சியிலிருந்து அங்கே போய்ச் சேரப் பல வினாடிகள் ஆகும்.

த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் எரிபொருள் உடனே போய்விடும், காற்று போகாது. அள்ளித் திணித்த விறகுக்கு ஊதாங்குழல் ஈடுகொடுக்க முடியாத நிலை அது. வாயுவின் வெப்பநிலை காட்டும் முள் எகிறும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தீயே அணைந்துவிடலாம். அணைந்தால் த்ராட்டிலை மூடி, மூக்கைத் தாழ்த்தி, காற்று அடர்த்தியான உயரத்துக்கு இறங்கிய பிறகே மறுபடி பற்றவைக்க முயல வேண்டும். இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: த்ராட்டிலைச் சுழற்சி காட்டும் முள்ளோடு சேர்த்தே நகர்த்துங்கள். முள் ஏற ஏறக் கை ஏறட்டும்.

தரையில்

மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் வசதி இதில் இல்லை. அது தன்போக்கில் சுழலும். ஜாய்ஸ்டிக்கிலுள்ள பிரேக் பிடியை அழுத்திக்கொண்டு வலது ரட்டர் பெடலை மிதித்தால் வலது சக்கரம் மட்டும் பிடிக்கும்; விமானம் வலப்பக்கம் திரும்பும். சிறிது வேகம் இருந்தால்தான் இது எளிது. புறப்பட இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பை 20 டிகிரிக்கு இறக்கி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சுழற்சியை ஏற்றி, தீ முழுக்கக் கிளம்பிய பிறகு விடுங்கள்.

கொதிக்கும் உலை

அடுப்பு மெல்ல ஏறுமென்றால் சண்டையில் எதை நம்புவது? உலையை. நன்றாகக் கொதிக்கும் பானையில் சேர்ந்திருக்கும் சூடு, அடுப்பு இந்த நொடியில் தருவதைவிடப் பலமடங்கு. விமானத்துக்கு அந்தச் சேமிப்பு உயரமும் வேகமும்தான். உயரத்தை இறக்கி வேகமாக்கலாம், வேகத்தைக் கொடுத்து உயரமாக்கலாம்.

கூர்மையான ஒவ்வொரு திருப்பமும் அந்த உலையில் ஊற்றும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர். கொதி அடங்கிவிடும். மறுபடி கொதிக்கவைக்க இந்த அடுப்புக்கு நேரம் பிடிக்கும். எதிரி அதுவரை காத்திருக்க மாட்டார். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். அமெரிக்க எஃப்-86 சேபர் பின்னால் வந்ததும் சுற்றிச் சுற்றித் திரும்புகிறார்கள். மூன்றாவது சுற்றில் வேகமே மிஞ்சுவதில்லை.

மிக்-15இன் பலம் மேலேறுவது. ஏறக்குறைய 5 டன் எடையுள்ள இது சேபரைவிட ஒரு டன்னுக்கு மேல் லேசானது. 15,500 மீட்டர் வரை ஏறக்கூடியது. ஆகவே உயரத்திலிருந்து பாய்ந்து, ஒருமுறை சுட்டு, தப்பியவரைத் துரத்தாமல் சேர்ந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். கொரியப் போரில் 1950 நவம்பர் முதல் மிக் விமானிகள் செய்ததும் இதுதான். யாலு நதிக்கு அப்பால், சீன மண்ணிலிருந்த ஆன்டுங் தளத்திலிருந்து கிளம்புவார்கள். அந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விமானிகளுக்கு உத்தரவு இருந்தது. மிக்குகள் அப்பால் நிதானமாக உயரம் சேர்த்துக்கொண்டு வந்து பாய்ந்தன.

கொதி மிஞ்சினால்

சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பாயும்போது ஒலியின் வேகத்தில் 0.92 பங்கை நெருங்கினால், வேகத்தைக் குறைக்கும் ஏர்பிரேக் தானாகவே விரிந்துகொள்ளும். விமானத்தைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கும் எலிவேட்டர் கல்லாக இறுகிவிடும். ஒரு பக்க இறக்கை திடீரென்று சாயவும் செய்யும். சேபரின் பிற்கால வகைகளில் கிடைவால் முழுவதுமே ஹைட்ராலிக் விசையால் அசையும். அதனால் சேபர் விமானி மூக்கைத் தூக்கிவிடுவார், உங்களால் முடியாது. சேபரைப் பின்தொடர்ந்து செங்குத்தாகப் பாய்வது தற்கொலை.

வேகம் குறைந்த பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. மெதுவாகப் பறக்கும்போது ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் விமானம் கட்டுப்பாடின்றிச் சுழன்று விழும் ஸ்பின்னில் சிக்கும். காக்பிட்டின் முன்பலகையில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு தீட்டியிருப்பது அந்த நேரத்துக்காகத்தான். தலை சுற்றும்போது ஸ்டிக்கின் நடுநிலை எது என்று விமானிக்கு அது காட்டும். விளையாட்டிலும் அந்தக் கோடு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

மூன்று பீரங்கிகள்

37 மி.மீ. பீரங்கி ஒன்று, 40 குண்டுகள். 23 மி.மீ. பீரங்கி இரண்டு, தலா 80 குண்டுகள். பொத்தானை விடாமல் அழுத்தினால் சுமார் ஆறு வினாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். இவை பி-29 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பிளக்க வைத்தவை. 1951 அக்டோபர் 23 அன்று நாம்சி விமானதளத்தைத் தாக்க வந்த பி-29களை மிக்குகள் நொறுக்கிய பிறகு, அமெரிக்கர்கள் அவற்றைப் பகலில் அனுப்புவதையே நிறுத்தினார்கள்.

துள்ளித் திரும்பும் சேபரை அடிக்க இந்தப் பீரங்கிகள் தோதல்ல. சேபரின் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் குண்டுமழை பொழியும். உங்களுடையவை இடைவெளி விட்டு விழும். ஆனால் ஒரே ஒரு 37 மி.மீ. குண்டு பட்டாலும் போதும். எதிரியின் இறக்கைகள் குறிபார்க்கும் கண்ணாடியை நிறைக்கும் அளவுக்கு நெருங்கி, அரை வினாடி மட்டும் சுடுங்கள்.

இறங்கும்போது

பலர் பானையைக் கவிழ்ப்பது கடைசியில்தான். வேகம் அதிகமென்று த்ராட்டிலை அடிவரை இழுத்துவிடுகிறார்கள். விறகு முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டது போல அடுப்பு கங்காகிவிடும். ஓடுபாதைக்கு முன்னால் விமானம் தாழ்கிறது; பதறித் தள்ளினால் தீ ஏறுமுன் தரை வந்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்க ஏர்பிரேக்கை விரியுங்கள், சக்கரத்தை இறக்குங்கள், ஃபிளாப்பை 55 டிகிரிக்கு விடுங்கள். என்ஜின் நடுத்தரச் சுழற்சியிலேயே எரியட்டும். திரும்ப மேலே போவதென்றால் அந்த முடிவையும் சீக்கிரமே எடுங்கள்.

வார் தண்டர் விளையாட்டின் ஆர்கேட் வகையில் இவ்வளவு கவலை தேவையில்லை. மவுஸ் காட்டும் திசைக்கு விமானத்தை மென்பொருளே திருப்பிவிடும். சண்டையின் பரபரப்பு மட்டும் வேண்டுமென்றால் அது போதும். மிக்-15 எப்படிப்பட்ட விமானம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் டிசிஎஸ்ஸுக்கோ வார் தண்டரின் சிமுலேட்டர் வகைக்கோ வாருங்கள்.

புதிய ஜெட்டில் தவறு செய்தால் என்ஜின் காப்பாற்றும். மிக்-15இல் பத்து வினாடிக்கு முன்பே யோசித்தவர்தான் பிழைப்பார். ஆகவே முதல் சில நாட்கள் எதிரியே இல்லாத வானத்தில் ஏறி, திரும்பி, இறங்கிப் பழகுங்கள். சுடக் கற்றுக்கொள்வது அதற்குப் பிறகு சுலபம்.