முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரம் எப்போது?

வெற்றிலை பாக்குத் தட்டில் பணத்தை வைத்துக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரரும் வாங்கிக்கொண்டார். "இனி இது உங்க வீடு" என்று சொல்லிக் காப்பியும் கொடுத்தார்.

திண்டுக்கல் நாகல்நகரிலோ பேகம்பூரிலோ இப்படி ஒரு வீடு விலை பேசி முடிந்தால், அன்று இரவே வாங்குகிற குடும்பத்தில் பேச்சு தொடங்கிவிடும். அடுப்படியில் வெளிச்சம் போதுமா என்று அம்மாவுக்குக் கவலை. மாடி அறை யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை.

ஆனால், வீடு இன்னும் அவர்களுடையது ஆகவில்லை!

விற்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வேறு, விற்பது வேறு. ஒப்பந்தத்தினால் மட்டும் சொத்தில் உரிமை வந்துவிடாது என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. கிரயப் பத்திரம் எழுதி, ரிஜிஸ்தர் ஆனால்தான் வீடு கை மாறும்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்கள்தான் பொல்லாதவை. ஒரு காகிதம் வந்தால் இன்னொன்று வராது. "அடுத்த வாரம் பார்ப்போம்", "ஆடி கழியட்டும்" என்று நாள் ஓடும்.

அப்படி நாள் ஓடியதால் ஒருவருக்கு வீடே கிடைக்காமல் போயிற்று. பக்கத்து ஊரான மதுரையில் நடந்தது இது. டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு.

மதுரை வீடு

1978-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, மதுரை நகரில் உள்ள ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். விலை ரூ.60 ஆயிரம். முன்பணம் ரூ.5 ஆயிரம். ஆறு மாதத்துக்குள் வாங்குபவர் ஸ்டாம்புத் தாள் வாங்கி, மீதி ரூ.55 ஆயிரத்தைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும் என்பது பேச்சு.

ஆறு மாதம் போயிற்று. ஸ்டாம்புத் தாள் வாங்கவில்லை. ஒரு வருடம் போயிற்று. இரண்டு வருடமும் போயிற்று. வீட்டில் குடியிருந்தவர் காலி செய்யவில்லை, அதனால்தான் தாமதம் என்று வாங்குபவர் காரணம் சொன்னார். 1981 ஜூலையில்தான் அவர் நோட்டீஸ் அனுப்பினார்.

அதற்குள் வீட்டு விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

கீழ்க்கோர்ட்டில் வாங்குபவர் தோற்றார். சென்னை ஐகோர்ட்டில் ஜெயித்தார். 1997 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கடைசித் தீர்ப்பைச் சொன்னது. வீடு அவருக்கு இல்லை!

வழக்குப் போட மூன்று வருடம் கெடு இருக்கிறது என்பதற்காக, வாங்குபவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நகரங்களில் விலை வேகமாக ஏறுகிறது. இரண்டரை வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பழைய விலைக்கே கேட்பது நியாயம் ஆகாது என்று நீதிபதிகள் கருதினார்கள்.

பேச்சு முடிந்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே 18 வருடங்கள்! கைக்குழந்தையாக இருந்த பிள்ளை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்திருக்கும்.

வாங்குபவர் மேல் இது கடுமையான தீர்ப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், ரூ.5 ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு ரூ.60 ஆயிரம் வீட்டை இரண்டரை வருடம் கட்டிப்போட்டு வைப்பது முறைதானா என்ற கேள்வியும் இருக்கிறது அல்லவா?

2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி உத்தரவு போடுவதில் கோர்ட்டுகளுக்கு இருந்த விருப்புரிமை குறைந்தது. ஆனாலும் ஒரு விஷயம் மாறவில்லை. "என்னிடம் பணம் தயாராக இருந்தது, நான் வாங்கவும் தயாராக இருந்தேன்" என்று வாங்குபவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருடக் கெடுவும் அப்படியே இருக்கிறது.

எங்கே சிக்குகிறது?

திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து தனியானது 1985 செப்டம்பர் 15-ந் தேதி. அதற்கு முந்திய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது குடும்பத்துக்குள்ளிருந்துதான். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருப்பார். மூத்த மகன் வீட்டை விலை பேசி முன்பணமும் வாங்கிவிடுவார். ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த தங்கையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனாரின் சொந்த சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால், பங்கு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

"தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்பார் அண்ணன். தங்கச்சியிடம் கேட்டால் அல்லவா தெரியும்! தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கம் கிராமத்து இடம் என்றால் பட்டாவைக் கவனிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது பெயரும் எண்ணும் மாறி ஏறிய இடங்கள் உண்டு. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர்! மனுப் போட்டுத் திருத்த மாதக் கணக்கில் ஆகலாம்.

வயலைப் பிரித்துப் போட்ட மனை என்றால் இன்னொரு கேள்வி உண்டு. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன்பே அது வீட்டு மனையாகப் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால், அங்கீகாரமோ வரன்முறை உத்தரவோ இல்லாமல் ரிஜிஸ்தர் செய்வது நடக்காது.

விற்பவரின் பத்திரம் பாங்கில் அடமானத்தில் இருந்தால்? கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் பாங்கு பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பாங்கின் தவறால் தாமதமானால், ஒரு நாளைக்கு ரூ.5 ஆயிரம் வீதம் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

வில்லங்கச் சான்று பார்த்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பதிவான விஷயங்கள் மட்டும்தான் அதில் வரும். பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய கைக்கடன் அதில் தெரியாமல் போகலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதே மேல்.

எழுத்தில் இருக்கட்டும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் வீடு, மனை விற்பனை ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். செலவுக்கு யோசித்து வெறும் தாளில் எழுதிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் விலையும் தேதியும் மட்டும் இருந்தால் போதாது. வாரிசுச் சான்றை யார் வாங்குவது, பட்டாவை யார் திருத்துவது, குடியிருப்பவரை யார் காலி செய்ய வைப்பது, எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். காகிதம் வராவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

விற்பவர் இழுத்தடித்தால், கெடு முடிவதற்கு முன்பே வாங்குபவர் கடிதம் எழுதிவிட வேண்டும். "பணம் தயார். இன்ன காகிதம் வரவில்லை. இன்ன தேதியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வருகிறேன்" என்று நாலு வரி போதும். தபால் ரசீதையும், அன்று பாங்கில் பணம் இருந்ததைக் காட்டும் கணக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். டீக்கடையில் பத்துத் தடவை கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

தெரிந்தவருக்கு நோட்டீஸ் அனுப்புவதா என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கடிதம் என்றால் சண்டை என்று அர்த்தம் இல்லை. மரியாதையாகவே எழுதலாம்.

கடைசியில் ஒரு தாமதம் வாங்குபவர் பக்கமே வரும். வீட்டு விலையைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ரிஜிஸ்தர் செலவை மறந்திருப்பார்கள். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக, ரூ.20 லட்சம் வீட்டுக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் தனியாக வேண்டும். சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால், அதன் மேல்தான் கணக்கு. 2025 ஏப்ரல் முதல், ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். அப்படிச் சின்ன வீடாக இருந்தால், யார் பெயரில் வாங்குவது என்ற பேச்சையும் முன்பணம் கொடுத்த அன்று இரவே முடித்துவிடலாம்.