பராமரிப்பவளை யார் கணக்கெடுப்பது?

அரசாங்க ஆய்வு, புள்ளிவிபரம் என்றதும் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் சொல்லும் பதில்களைக் கூட்டித்தான் அவற்றை எழுதுகிறார்கள்.

1981க்குப் பின் நாடு முழுவதற்கும் நடந்த முதலாவது குடிசன மதிப்பீடு 2012இல்தான். பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம் வைத்தல், தன்னைக் கவனித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று அதில் கேட்டார்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, ஏதோவொரு சிரமம் இருந்தது. அரைவாசிக்கு மேல் பெண்கள்.

இந்தத் தொகையும் குறைவென்றே நினைக்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஷெல் துண்டு இடுப்பில் தங்கிய ஓர் அக்காவிடம், "வீட்டில அங்கவீனர் இருக்கினமா?" என்றேன். "இல்லைப் பிள்ளை" என்றார். "படி ஏறுவீங்களா அக்கா?" "அது எப்படி ஏலும்? கோயிலுக்குப் போயே கனகாலம்." மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயமும் அவருக்கு.

இப்படி மறைந்தாலும் அவருக்கென்று ஒரு கேள்வியாவது இருந்தது. பராமரிப்பவளைப் பற்றி அந்த ஆறில் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் நான் போய்வரும் ஒரு வீட்டில், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட கணவரை மனைவி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார். தவறினால் படுக்கைப் புண் வந்துவிடும். இரவிலும் இதே வேலைதான். தையல் வேலையை விட்டுவிட்டார். தொழிற்படை அளவீட்டின்படி வீட்டுக் கடமையில் இருப்பவர் 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதவர்'. செயற்படாதவராம்!

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஓட்டோக் கூலியும் பம்பர்ஸும் நம் கைக்காசு. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. வீட்டில் புரட்டிப் படுக்க வைக்கும் கைக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை. ஜேர்மனியில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 1995 முதல் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறையில் உள்ளது. வீட்டில் பராமரிக்கப்படுபவருக்கு மாதாந்தம் பணம் கிடைக்கும். அதை அவர் தன்னைப் பார்க்கும் உறவினருக்குக் கொடுக்கலாம். அந்த உறவினரின் ஓய்வூதியத்துக்கும் பல வேளைகளில் பணம் கட்டுகிறார்கள்.

இங்கே 1996இல் அங்கவீனர் உரிமைச் சட்டமும் 2003இல் தேசியக் கொள்கையும் வந்தன. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் அரசு ஏற்று உறுதிப்படுத்தியது. மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றும் உண்டு. வறிய குடும்பங்களில் அங்கவீனமுற்றவருக்கே அது, பராமரிப்பவருக்கல்ல.

ஆனாலும் விண்ணப்பியுங்கள். முதலில் கிராம சேவகரைச் சந்தியுங்கள். வெள்ளவத்தையினருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனையினருக்குக் கொழும்பு பிரதேச செயலகம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். யார் பராமரிக்கிறார், எந்த வேலையை விட்டார் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதி, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.