மரபும் விசுவாசமும்: கரிசல் நாட்டுத் திருச்சபையின் முன் நிற்கும் ஒரு பழைய வினா

1. வினா எழும் இடம்

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தகப்பன் தம் குழந்தையுடன் ஆயரை அணுகுகிறார். குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார். ஆனால் சபைப் பதிவேட்டில் அதன் பெயரை எழுத வேண்டாம் என்றும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்கிறார். பள்ளியிலும் வருவாய்த்துறை அலுவலகத்திலும் அக்குழந்தை இந்துவாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணிபுரியும் எந்த ஆயருக்கும் இக்காட்சி புதிதன்று.

இத்தகப்பனின் விசுவாசம் போலியானது என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆயின் அவர் கேட்பதன் பின்னால் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வினா நிற்கிறது. ஒருவன் எதை நம்புகிறானோ அதனால் அவன் யார் என்பது தீர்மானிக்கப்படுகிறதா? அல்லது எந்தக் குடியில் பிறந்தானோ அதனாலா? இவ்விரண்டும் மோதும்போது திருச்சபை எதன் பக்கம் நிற்கும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மானாவாரி நாடு இவ்வினாவைப் பலமுறை சந்தித்துள்ளது. கண்மாய் பெருகுவதையும் வற்றுவதையும் பொறுத்தே வாழ்வு அமையும் இந்நாட்டில், மனிதனுக்கு உறவினரே காப்பு. ஆகவே, உறவை விட்டு விசுவாசத்தைப் பற்றிக்கொள் என்று இங்குச் சொல்வது இலேசான சொல் அன்று. இந்நாட்டின் வரலாற்றிலிருந்தே நம் ஆய்வைத் தொடங்குவது தகும்.

2. கமுதியின் கோயிற் கதவு

1897ஆம் ஆண்டு மே மாதத்தில் கமுதியைச் சேர்ந்த நாடார்கள் சிலர் அவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அக்கோயில் இராமநாதபுரம் அரசரின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதியின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, இறுதியில் இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. 1908இல் அங்கும் நாடார்களுக்கு எதிராகவே முடிவாயிற்று.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோயிலுக்குள் சென்றவர்கள் சிவனை வணங்குகிறவர்களா என்பது அங்கே சிக்கலாகவே இல்லை. அவர்கள் சைவ நெறியில் நின்றவர்கள். அவர்களிடம் பொருளும் இருந்தது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் உறவின்முறை அமைத்து, மகிமை என்னும் பொதுநிதி சேர்த்து, பேட்டைகளும் பள்ளிகளும் கண்ட சமுதாயம் அது. விசுவாசம் இருந்தது, ஒழுங்கு இருந்தது, செல்வமும் இருந்தது. ஆனால் வழக்கம் என்னும் ஒரு சொல்லால் கதவு அடைக்கப்பட்டது. பிறப்பே நுழைவுச் சீட்டாயிற்று. நம்பிக்கை கணக்கில் கொள்ளப்படவில்லை. 1899இல் சிவகாசியில் நிகழ்ந்த கொள்ளையும் கொலையும் இப்பூசலின் கொடிய முகமாக நம் நினைவில் நிற்கின்றன. 1939இல் மதுரை ஆலயப் பிரவேசம் நிகழ்ந்து, அதனைத் தொடர்ந்து சட்டமும் இயற்றப்பட்ட பின்னரே இத்தகைய கதவுகள் திறக்கலாயின.

இந்து சமயத்தின் குறையைச் சுட்டிக்காட்டி நம்மை நாமே பாராட்டிக்கொள்வதற்காக இதனை இங்கு எழுதவில்லை. இதே வினா நம் வீட்டில் எழுந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

3. பசுமலையின் பந்தி

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தன் பணியைத் தொடங்கியது. ஊழியரைப் பயிற்றுவிக்கும் செமினரி 1842இல் திருமங்கலத்தில் நிறுவப்பட்டு, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. பின்னர், திருச்சுழிப் பகுதியைச் சேர்ந்த மண்டபசாலை மிஷன் நிலையமாயிற்று. இவ்வறண்ட நாட்டின் பல சபைகள் அதனைச் சுற்றியே வளர்ந்தன.

1847இல் இம்மிஷன் ஒரு முடிவு எடுத்தது. அதன்படி, மிஷனின் ஊழியர்கள் சாதியை விட்டுவிட்டதை வாயால் அறிக்கையிட்டால் மட்டும் போதாது. பிற சாதியார் சமைத்ததை அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டும் காட்ட வேண்டும். இதன் விளைவாக உபதேசியார் பலரும் செமினரி மாணவர் பலரும் விலகினர். அவர்கள் கிறிஸ்துவை மறுக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தின் எந்தப் பகுதியையும் மறுக்கவில்லை. வேதம் கற்றிருந்தார்கள், பிரசங்கமும் செய்திருந்தார்கள். பந்தியில் மட்டும் அமர முடியவில்லை.

இப்பிரச்சினை மதுரைக்கு மட்டும் உரியதன்று. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை முற்றிலும் விலக்குமாறு எழுதினார். தஞ்சை, சென்னைச் சபைகளில் அதனால் பெரும் பிளவு உண்டாயிற்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பக்தர்களே சாதி வழக்கங்களுக்காக வாதாடினார்கள். சாதி என்பது சமூக ஒழுங்கு, அது சமயத்தைச் சார்ந்ததன்று என்பது அவர்கள் கொள்கை. லைப்சிக் லுத்தரன் மிஷன் இவ்வாதத்தைப் பெருமளவு ஏற்றுப் பொறுமை காட்டியது. ஏனைய புராட்டஸ்டண்ட் மிஷன்களோ அதனை ஏற்கவில்லை.

இரு தரப்பிலும் குறை இருந்தது. சாதியை எதிர்த்த மிஷனரிமார் சிலர், தங்கள் நாட்டு உடையையும் மேசை வழக்கத்தையும் சுவிசேஷத்தின் பகுதியாகவே எண்ணினர். அதற்கு எதிர்வினையாக, 1857இல் நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், ஐரோப்பியச் சார்பற்ற இந்து கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். மிஷனரியின் மரபும் ஒரு மரபே என்பதை அவர் உணர்த்தினார். ஆயின் அச்சபையும் பெரும்பாலும் ஒரு சமுதாயத்தின் சபையாகவே நின்றது. அந்நிய மரபை நீக்கிவிட்டால் விசுவாசம் மட்டும் தூய்மையாக எஞ்சும் என்பதில்லை என்பதற்கு இது சான்று. நீக்கிய மரபின் இடத்தில் மற்றொரு மரபு வந்து அமர்கிறது.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினரும் ஒன்றாயினர். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பிரிவுகளை நாம் கடந்தோம். நம் மண்ணில் தோன்றிய பிரிவுகளையும் அவ்வாறு கடந்தோமா? நம் திருமண வீடுகளும் கல்லறைத் தோட்டங்களும் சபைத் தேர்தல்களும் இதற்கு விடை கூறும்.

4. சட்டம் தரும் இரண்டு பெயர்கள்

நம்பிக்கையும் பிறப்பு வழக்கமும் பிரிக்கத்தக்கவை என்பதைச் சட்டம் நெடுங்காலத்திற்கு முன்பே ஒருவகையில் ஒப்புக்கொண்டது. 1863இல் ஆபிரகாம் வழக்கில் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவனானவன் தன் பழைய குடும்ப வழக்கங்களை விட்டுவிடவும் செய்யலாம். அவற்றைத் தொடரவும் செய்யலாம். சொத்துடையவர்களுக்கு இது வசதியாக இருந்தது.

சொத்தில்லாதவர்களுக்கோ வேறொரு விதி வந்தது. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதியினர்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் இதனுள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

1985இல் உச்ச நீதிமன்றம் சூசை வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவர். மதமாற்றத்திற்குப் பின்னும் சாதி தொடர்கிறது என்று கூறினால் மட்டும் போதாது. அதனால் விளையும் இழிவும் இழப்பும் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை, இத்தகுதியைச் சமயத்தோடு பிணைக்கலாகாது எனப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதனை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்று கோரிய வழக்கில், ஞானஸ்நானமும் ஆலயத்திற்குச் செல்லும் வழக்கமுமே அவருக்கு எதிரான சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. நாம் முதலில் கண்ட தகப்பன் பதிவேட்டைக் கண்டு அஞ்சுவதன் காரணம் இதுவே.

இங்கு ஒரு கசப்பான உண்மையை நாம் ஏற்க வேண்டும். சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்று எது? திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டு என்பதே அச்சான்று. நீதி கேட்டு நாம் தில்லிக்கு அனுப்பும் விண்ணப்பம் ஒவ்வொன்றும் நம் பாவ அறிக்கையும் ஆகிறது. அந்த அறிக்கையை அரசின் முன் உரக்கச் சொல்லும் நாம், ஆலயத்தில் திருவிருந்துக்கு முன் சொல்கிறோமா?

மற்றொன்றும் உண்டு. உயர்சாதி எனப்படும் குடியிலிருந்து வந்த கிறிஸ்தவன் தன் சாதியைத் திருமணத்தில் காக்கிறான், உறவில் காக்கிறான், பெயரிலும் காக்கிறான். அதற்காக அவன் எந்த விலையும் கொடுப்பதில்லை. அவன் விசுவாசத்தை ஐயுறுவாரும் இல்லை. ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து வந்தவனோ, தன் பிள்ளையின் படிப்பிற்காகப் பிறப்புப் பெயரைச் சொன்னால், இரட்டை வாழ்க்கை வாழ்பவன் என்று பழிக்கப்படுகிறான். இருவருமே மரபைப் பற்றியிருக்கிறார்கள். ஒருவன் பெருமைக்காகப் பற்றுகிறான், மற்றவன் பிழைப்பதற்காகப் பற்றுகிறான். திருச்சபையின் கண்டனம் பெரும்பாலும் இரண்டாமவன்மீதே விழுவது நீதியன்று.

5. தீமோத்தேயுவும் தீத்துவும்

புதிய ஏற்பாடு இவ்வினாவை அறிந்திருக்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உணவருந்திய பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் (கலாத்தியர் 2). பேதுருவின் உபதேசத்தில் பிழை இல்லை. அவர் அமர்ந்த இடத்தில் பிழை இருந்தது. சுவிசேஷத்தின் சத்தியம் பந்தியில் மீறப்படக்கூடும் என்பதே பவுலின் வாதம். பசுமலையில் 1847இல் எழுந்ததும் அந்தியோகியாவின் வினாவே.

ஆயினும் பவுல் மரபுகள் அனைத்தையும் தள்ளியவர் அல்லர். தீமோத்தேயுவுக்கு அவரே விருத்தசேதனம் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16). தீத்துவுக்கோ அதனைச் செய்ய இடங்கொடுக்கவில்லை (கலாத்தியர் 2). ஒரே அடையாளம் ஓரிடத்தில் ஏற்கப்படுகிறது; வேறோரிடத்தில் மறுக்கப்படுகிறது. இது முரண்பாடு போலத் தோன்றும். தீமோத்தேயுவின் அடையாளம் பிறருக்குப் பணிசெய்யப் பயன்பட்டது. தீத்துவிடமோ அது சபையில் முழு இடம் பெறுவதற்கான நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. பணியாக இருக்கும் மரபைச் சுமக்கலாம். நிபந்தனையாக மாறும் மரபை ஒரு நாழிகையும் பொறுக்கலாகாது.

இவ்வளவுகோல் நம் நாட்டு வழக்கங்களைச் சோதிக்க உதவும். தாலி, பொங்கல், தாய்மாமன் சீர், அறுவடையின் முதற்பலன், ஊர்ப் பொதுநிதி ஆகியவை மக்களை ஒருவரோடொருவர் இணைக்கும் வரையில் தீமோத்தேயுவின் பக்கம் நிற்கின்றன. உறவின்முறையின் மகிமையைப் போன்ற பகிர்தலைச் சபை கற்றுக்கொள்வதும் நன்றே. ஆனால் இன்னாரே பெண் கொடுக்கலாம், இன்னாரே மூப்பராகலாம், இன்னார் இந்தப் பகுதியில்தான் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று எந்த வழக்கம் சொல்லுகிறதோ, அது தீத்துவிடம் கேட்கப்பட்ட நிபந்தனையே.

இன்னொரு கோணமும் உண்டு. மூன்று நான்கு தலைமுறைகளுக்குப் பின் கிறிஸ்தவம் என்பதே ஒரு பிறப்பு அடையாளமாகிவிடுகிறது. ஆலயத்திற்கு வராத, ஜெபிக்காத, ஆனால் கிறிஸ்தவக் குடும்பத்தார் என்று பெருமை கொள்ளும் பலர் நம் பதிவேடுகளில் உள்ளனர். பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தம் குலத்தையும் கோத்திரத்தையும் அடுக்கிச் சொல்லி, கிறிஸ்துவின்பொருட்டு அவற்றை நஷ்டமென்று எண்ணியதாகக் கூறுகிறார். அப்பட்டியலில் நம் பரம்பரைக் கிறிஸ்தவப் பெருமையையும் சேர்க்க நாம் ஆயத்தமா?

திருச்சுழியில் 1879இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் பயின்ற ஓர் இளைஞர் 1896இல் திருவண்ணாமலையை அடைந்தபோது தம் பூணூலைக் களைந்தெறிந்தார். அவரே பின்னாளில் இரமண மகரிஷி என அறியப்பட்டார். அவருடைய கொள்கை நம்முடையதன்று. எனினும், மெய்யான தேடல் பிறப்பின் குறியைக் கழற்றச் செய்யும் என்பதை நம் அயலார் நடுவிலும் காண்கிறோம்.

6. ஆயருக்குச் சில குறிப்புகள்

முதலாவது, பெயரை எழுத வேண்டாம் எனக் கேட்கும் தகப்பனை ஆயர் இழிவுபடுத்தலாகாது. பதிவேட்டில் பொய் எழுதுவதும் கூடாது. ஞானஸ்நானம் மறைவான சடங்கன்று. சபையார் முன் பெறும் அருள் என்பதை விளக்கி, அக்குடும்பம் செலுத்தப்போகும் விலையையும் சபையின் முன் வைக்க வேண்டும். அக்குழந்தையின் கல்விக்குச் சபை பொறுப்பேற்குமா என்னும் கேள்வி தகப்பனிடமன்று, சபையிடமே கேட்கப்பட வேண்டியது. விலையைப் பகிர மறுக்கும் சபைக்கு, அதனைச் செலுத்தத் தயங்குகிறவனைக் கண்டிக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, திடப்படுத்தல் வகுப்பிலும் திருமண ஆயத்தத்திலும் சாதியைப் பற்றி வெளிப்படையாகப் போதிக்க வேண்டும். மேடைப் பிரசங்கத்தில் பொதுவாகக் கண்டித்துவிட்டுத் திருமண வீட்டில் மௌனம் காப்பது பேதுருவின் பிழையே.

மூன்றாவது, சபைகளின் பொது உணவு மீண்டும் நம் வழக்கமாக வேண்டும். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் யாரோடு அமர்கிறார் என்பவை இன்றும் விசுவாசப் பிரமாணத்தின் சோதனைகளே.

கமுதியில் கதவு அடைக்கப்பட்டபோது, நம்பினவர்கள் வெளியே நின்றார்கள். பசுமலையில் பந்தி விரிக்கப்பட்டபோது, நம்பினவர்களே எழுந்து போனார்கள். நம் காலத்தில் கதவும் திறந்திருக்கிறது, பந்தியும் விரிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகப்பன் தம் குழந்தையோடு வாசலில் காத்து நிற்கிறார். அவர் உள்ளே வந்து அமரும்போது, அவருக்குப் பக்கத்தில் அமர்பவர் யார் என்பதை நம் சபைகளே இனிச் சொல்ல வேண்டும்.