கூவாகம் திருவிழாவும் குருதிப் பரிசோதனையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் திருவிழா 18 நாள்கள் நடைபெறுகிறது. பல மாநிலங்களிலிருந்தும் வரும் திருநங்கையர் அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்கின்றனர். அரவான் களப்பலியானதும் தாலியறுத்து வெண்புடவை உடுத்துகின்றனர். இத்திருவிழாவையொட்டி எச்.ஐ.வி. விழிப்புணர்வு முகாம்களும் பரிசோதனைகளும் நடத்தப்பட்டு வருகின்றன. மருத்துவமனை வாயிலில் பிறர் பார்வைக்குக் கூசுவோர், தம்மவர் கூடும் இடத்தில் சற்றுத் துணிவுடன் கையை நீட்டுகின்றனர்.

தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்க் கோயில் திடலிலும் இதுவே பொருந்தும். மலையிலிருந்து இறங்கி வருவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு, பரிசோதனை ஊரைத் தேடி வருவதே பெரும் உதவி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதும் தமிழகத்தில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சென்னையில் திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அன்று சிகிச்சை இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முகாமில் விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதியில் செய்யப்படுவது முதற்கட்டச் சோதனை மட்டுமே. அதில் தொற்றுக்கான அறிகுறி தென்பட்டால் மனம் உடைய வேண்டா. அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் செய்த பின்னரே முடிவு உறுதி செய்யப்படும். (பரிசோதனைக் கூடத்திற்கு ‘நம்பிக்கை’ என்று பெயரிட்டவர் யாராயினும் பாராட்டுக்குரியவர்.) தொற்று இல்லை என்று வந்தாலும், அண்மையில் தொற்று ஏற்பட வாய்ப்பிருந்தவர் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முகாம் நடத்துவோர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி ஒருவரது ஒப்புதலின்றிப் பரிசோதனை செய்தல் கூடாது. முடிவைப் பிறருக்கு வெளியிடுதலும் கூடாது. பூசாரியோ போதகரோ ஊர்த்தலைவரோ அழைத்துவரலாம். முடிவைக் கேட்டறியும் உரிமை அவர்களுக்கு இல்லை. “ஊரே வரிசையில் நிற்கிறது, நீ மட்டும் ஏன் விலகுகிறாய்?” என்று கேட்பது ஒப்புதல் பெறுவது ஆகாது. சிறிய ஊரில் தனித்த அறையும் தாழ்ந்த குரலும் கருவிகளைப் போலவே இன்றியமையாதவை.

ஒரே தட்டில் உண்பதாலோ, தீர்த்தம் பருகுவதாலோ, தோளோடு தோள் நின்று தொழுவதாலோ இக்கிருமி பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவக்கூடும். சிகிச்சை பெறாவிடில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்புண்டு. கர்ப்பகாலத்திலேயே மருந்து தொடங்கினால் அது 5-க்கும் கீழே குறைகிறது. ஆகவே கருவுற்ற பெண்கள் முதல் வருகையிலேயே பரிசோதனை செய்துகொள்வது நன்று.

வீட்டார் சிலர், நேர்த்திக்கடன் நிறைவேறியது, உடல் தேறிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். உடல் தேறியது மாத்திரையால் கிருமி அடங்கியிருப்பதனால்தான்; நிறுத்தினால் அது மீண்டும் பெருகும், அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். வழிபாட்டை விடுமாறு எந்த மருத்துவரும் கூறுவதில்லை. விரதம், நோன்பு மேற்கொள்வோர் மாத்திரை வேளையை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறிக.

ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். பெயரைக் கூற வேண்டியதில்லை.