ஓராண்டு! ஓர் ஏரி!

குமணன்சாவடிச் சந்திப்பிலே காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள், தோழர்களே! வேலைக்கு விரையும் தொழிலாளி ஒருபுறம். பள்ளிக்கு நடக்கும் அவனுடைய ஆறு வயதுப் பிள்ளை மறுபுறம். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாதை. தரையிலே தண்ணீர் லாரி.

பள்ளியிலே மணி அடிக்கிறது. தமிழ் மூடப்படுகிறது, கணக்கு திறக்கப்படுகிறது. மறுபடி மணி, கணக்கு மூடப்படுகிறது, அறிவியல் திறக்கப்படுகிறது. பிள்ளையின் மனத்திலே இவை தனித்தனித் தீவுகள். உலகம் அப்படித் துண்டு துண்டாகவா இருக்கிறது? ஆண்டு முழுவதும் ஒரே பொருளை நடுவிலே நிறுத்தி, எழுத்தையும் எண்ணையும் இயற்கையையும் அதைச் சுற்றிக் கற்பித்தால் என்ன? இதுதான் நாம் இன்று கேட்கும் கேள்வி.

புதிய கேள்வியல்ல இது. 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலே ஜான் டூயி ஒரு சோதனைப் பள்ளி நடத்தினார். சமையல், தையல், தச்சு, பயிர் என்று மனிதர் செய்யும் வேலைகளின் வழியே அங்கே பிள்ளைகள் கணக்கும் அறிவியலும் கற்றனர். 1937-இல் வார்தாவிலே காந்தியார் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகீர் உசேன் குழு அதற்குத் திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழில் நடுவிலே. மற்றப் பாடமெல்லாம் அதனோடு இணைந்து!

எண்ணம் நல்லதுதான். ஆனால் நடுவிலே எதை வைப்பது, யாருக்காக வைப்பது என்பதிலேதான் நன்மையும் தீமையும் இருக்கிறது. அதைத் தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். குயவன் மகனுக்குச் சக்கரம், வண்ணான் மகனுக்கு வெள்ளாவி! "குலக்கல்வி" என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டம் நமக்குத் தந்த அளவுகோல் இதுதான்: நடுவிலே வைக்கும் பொருள் பிள்ளையை அப்பனின் தொழிலிலே கட்டிப்போடுவதா, உலகத்தைத் திறந்துவிடுவதா? கட்டிப்போடுவதென்றால் வேண்டாம்! திறந்துவிடுவதென்றால் வரட்டும்!

குமணன்சாவடிப் பிள்ளைக்குத் திறக்க ஒரு கதவு பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் செம்பரம்பாக்கம் ஏரி! 24 அடி ஆழம். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. தலைநகரின் தாகம் தீர்க்கும் நீர்நிலை.

ஜூனிலே பள்ளி திறக்கும்போது தண்ணீர்ப் பஞ்சம். ஒரு குடத்துக்கு எத்தனை சொம்பு, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம்? அதுவே கணக்கு. குடம், குளம், குட்டை, குழாய்... அதுவே எழுத்துப் பயிற்சி. அக்டோபரிலே வடகிழக்குப் பருவமழை. முற்றத்திலே ஒரு நேர்க்குப்பியை வைத்துத் தினமும் அளந்து சுவரிலே கோடு போட்டால் அது அறிவியல். ஏரி நிரம்பினால் உபரி நீர் அடையாற்றிலே எப்படிச் சேர்கிறது என்று மணலிலே கோடு கிழித்தால் அது புவியியல். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019-இல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததையும் பாட்டியிடம் கேட்டு வந்து சொன்னால் அது வரலாறு. தையிலே பொங்கல், ஏரித் தண்ணீர் நெல்லாகி, நெல் சோறாகும் கதை. ஏப்ரலிலே நீர் குறையும்போது, நீர் எங்கே போனது என்ற கேள்வி. வகுப்பு ஒன்று, பொருள் ஒன்று, பாடமோ பத்து!

இதற்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஏரியைப் பற்றி ஆண்டெல்லாம் பாடிவிட்டு, மார்ச் மாதத்திலே பிள்ளைக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லையென்றால் அது ஏமாற்று! வசதி உள்ளவன் பிள்ளைக்கு வீட்டிலே டியூஷன். நம் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு எது? ஆகவே எழுத்துக்கும் எண்ணுக்கும் தினப்பயிற்சி தவறக்கூடாது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்றுதானே 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது! அதற்கு ஏரி துணை நிற்க வேண்டுமே தவிர, தடை நிற்கக் கூடாது.

"ஆசிரியர் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள், வகுப்போ ஐந்து! ஆசிரியர் எண்ணிக்கை உயர நாம் போராடித்தான் ஆக வேண்டும். அதுவரை, ஐந்து வகுப்புக்கு ஐந்து பொருள் தேடி அலைவதைவிட ஒரே பொருள் கைகொடுக்கும். ஒன்றாம் வகுப்பு குடத்தை எண்ணட்டும். மூன்றாம் வகுப்பு மழையை அளக்கட்டும். ஐந்தாம் வகுப்பு வெள்ளத்தைப் பற்றி எழுதட்டும். ஏரி எல்லோருக்கும் பொது!

தோழர்களே! அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. அந்த நாற்காலி காலியாக இருக்கலாமா? அரைநாள் கூலி போகும் என்பது தெரியும். இருந்தாலும் போய் உட்காருங்கள். "இந்த ஆண்டு என் பிள்ளைக்கு நடுப்பொருள் என்ன? இந்த மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் திணறுகிறார்கள்?" என்று மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்.

விடுமுறை நாளிலே பிள்ளையின் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் பின்னாலே ஓர் ஏரி, ஏரிக்குப் பின்னாலே மழை, மழைக்குப் பின்னாலே கடல் என்று கண்டுகொண்ட பிள்ளை, நாளை நாட்டையும் அப்படியே காணும். எதற்குப் பின்னாலே எது இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிள்ளையை எவராலும் ஏமாற்ற முடியாது!